தெருவில் நாகஸ்வரம் கேட்க எங்கே போகலாம்?

கடைசி_பேருந்து:
போன வைகாசியில் மன்னார்குடியிலிருந்து திருவாரூர் போகும் வழியில் டயர் வெடித்து, ஒரு சின்ன ஊரில் பேருந்து நின்றுவிட்டது. மணி பன்னிரண்டரை. கரண்ட்டும் இல்லை. இரண்டு தீவட்டி, பின்னால் சாமி, கூட வந்தவர்கள் முப்பது பேர் இருந்தால் அதிகம். தவில் ஓய்ந்து, நாகஸ்வரம் மட்டும் ஒரே ஸ்வரத்தைப் பிடித்து நின்றது. தண்ணீர் பாட்டிலைத் திறந்தவன் குடிக்காமல் அப்படியே நின்றேன். அதற்குள் ஹாரன் அடித்துவிட்டார்கள். பாதியில் ஏறினேன்.

அப்புறம் ஒரு மண்டபக் கச்சேரிக்குப் போனேன். மைக்கில் காதைக் குத்தியது. அந்த இரவு கேட்டதை முழுசாகக் கேட்க எங்கே, எப்போது போக வேண்டும்? எனக்கு ராகம் தெரியாது.

தெற்குவீதி:
தம்பி, மார்கழியில் சிதம்பரம் வாருங்கள். ஆனால் தேர் அன்றைக்கு வேண்டாம். நடராஜர் ஆனியிலும் மார்கழியிலும் தேரேறக் கோயிலை விட்டு வெளியே வருகிற நாள் அது, கூட்டத்தில் எதுவும் காதில் விழாது. கொடியேறிய பிறகு வரும் இரவுகள்தான் கேட்பதற்கு. சாமி வாகனத்தில் நான்கு தேர் வீதியும் சுற்றும்.

புறப்பாட்டில் முதலில் மல்லாரி. கம்பீர நாட்டை ராகம், சாகித்யம், அதாவது பாட்டு வரி, கிடையாது. சாமி நடக்கிற நடைதான் அது. அதிலேயே திருப்தியாகித் திரும்பிவிடாதீர்கள். வீதியில் சாமி நிற்கும்போதுதான் ஆலாபனை, தாளமில்லாமல் ராகத்தை மட்டும் விரித்து வாசிப்பது. வித்வான் வாத்தியத்தில் கயிற்றோடு தொங்கும் சீவாளிகளில், அதாவது வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டுகளில், ஒன்றை எடுத்து வாயில் அதக்கி ஈரமாக்குவார். ஊதிப் பார்ப்பார், சரியில்லையென்றால் வேறொன்று. அதுவரை சுருதிக்காக ஊதும் ஒத்து மட்டும் ஒலித்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் பேசாதீர்கள். பனியில் அந்த ஒற்றைச் சுருதி வீதி முழுக்க நிற்கும், எனக்குக் கச்சேரி அங்கேயே தொடங்கிவிடும்.

நாகஸ்வரத்தின் விரிந்த முனையான அணசுக்கு நேரே நிற்காதீர்கள். இருபது முப்பது அடி தள்ளி, ஏதாவது திண்ணை ஓரமாக நில்லுங்கள். சுவரில் பட்டு வருகிற நாதம் வேறு. நான் இருபத்தாறு வருஷமாக அப்படித்தான் கேட்கிறேன். கம்பளி கொண்டு வாருங்கள், போனை உள்ளே வையுங்கள்.

பூவரசங்கழி:
என் அப்பா தவில்காரர். மைக் பற்றி நீங்கள் சொன்னது நியாயம். திறந்தவெளியில் தெருக்கோடி வரை கேட்கவென்றே வந்த வாத்தியம். அதன் வாய்க்கு முன்னால் மைக்கை வைத்தால் மூச்சின் நெளிவெல்லாம் போய்விடும். நாகஸ்வரத்தில் விரல் பாதிதான், மீதி மூச்சும் உதடும். 1956இல் மறைந்த நாகஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளை காலத்தில் பாரி என்கிற நீளமான நாகஸ்வரம் பரவியது. சின்னதான திமிரியைவிட அதற்குச் சுருதி கீழே, கனம் அதிகம். நீங்கள் கேட்டதும் பாரியாகத்தான் இருக்கும்.

தவிலையும் கவனியுங்கள். வலந்தலை என்கிற வலப்பக்கத்தில் கூடு மாட்டிய விரல்கள், தொப்பி என்கிற இடப்பக்கத்தில் கழி. ஆலாபனை நடக்கும்போது அப்பா கழியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். தூக்கமென்று நினைப்பார்கள். மெய்மறந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

நள்ளிரவு வரை நிற்க முடியாதென்றால், ஏதாவது பெரிய கோயிலில் அர்த்தஜாமத்துக்குப் போங்கள். பள்ளியறைக்குச் சாமி போகும்போது நீலாம்பரி ராகம் வாசிப்பார்கள். பத்து நிமிஷம்தான். ஆனால் அந்த நேரத்தில் பிராகாரத்தில் யாரும் இருக்க மாட்டார்கள்.

கடைசி_பேருந்து:
மார்கழி வந்தது, போய்விட்டு வந்தேன். தெற்குவீதி ஐயா சொன்ன மாதிரி ஒரு திண்ணை ஓரம் நின்றேன். கம்பளி மறந்துவிட்டது, பக்கத்தில் நின்ற அம்மா தன் சால்வையில் பாதியைத் தந்தார். பதினொன்றரைக்குத் தொடங்கினார், நாற்பது நிமிஷம் ஒரே ராகம். முடிந்ததும் ஒத்துக்காரரிடம் போய்க் கேட்டேன். “காம்போதி” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, “மேல வீதியிலும் வாசிப்பார், வாங்க” என்றார். போனேன்.