தாத்தாவின் பூக்கணக்கு நோட்டு: ஓசூர்ப் பக்கம் பழைய ரோஸ்காரங்க யாராவது இருக்கீங்களா?

பாகலூர்ப்பேத்தி:

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீடு ஓசூர் தாண்டி பாகலூர்ப் பக்கம். 2001-ல தாத்தா கால் ஏக்கர்ல சவுக்குக் கம்பு நட்டு ஷீட் போட்டு ரோஸ் வெச்சார். இன்னிக்கு இரும்புக் குழாய் ஷெட் மூணு ஓடுது. அப்பாவும் சித்தப்பாவும் செடியைப் பார்த்துக்கறாங்க. பூவைத் தரம் பிரிக்கற கிரேடிங் ரூம் மட்டும் அன்னிலேர்ந்து இன்னி வரைக்கும் அத்தை ராஜ்யம்.

தாத்தா போன வருஷம் தவறிட்டார். அவர் அறையை ஒழிச்சப்ப டிரங்குப் பெட்டி நிறையக் கணக்கு நோட்டு. எங்க ஊர் வழக்கப்படி பாதி தமிழ், பாதி தெலுங்கு. எல்லாத்தையும் டைப் பண்ணி, குடும்பத்துக்குன்னு ஒரு சின்னப் புத்தகமா போடலாம்னு உட்கார்ந்திருக்கேன். அப்பாகிட்ட கேட்டா, "அவர் கணக்கு அவருக்குத்தான் வெளிச்சம்"னு நழுவிடறார். மாதிரிக்கு 2003 ஜனவரியில ஒரு பக்கம், அப்படியே தர்றேன்:

எஃப்.ஆர். 60 – 14, 50 – 22, 40 – 9
ஜி.ஜி. 50 – 11
லோ. 2 கூடை
டவுனி. படுதா 9 மணி. பெரியவன்.

"பெரியவன்" எங்க அப்பா. மத்தது ஒண்ணும் புரியல.

இன்னொண்ணு. ஆரம்ப நோட்டெல்லாம் இங்கிலீஷ் தேதி. "டிசம்பர் 14, கத்தரி" அப்படின்னு இருக்கும், அதாவது செடியை வெட்டி விட்ட நாள். 2004-லேர்ந்து திடீர்னு தமிழ் மாசம். "கார்த்திகை 12, கத்தரி." தாத்தா பஞ்சாங்கம் பார்க்கற ஆளே கிடையாது. ஏன் மாத்தினார்?

கடைசியா, கொஞ்சம் கூச்சமா இருக்கு, ஆனா கேட்டுடறேன். மூணு ஷெட்ல ஒண்ணு இருக்கற நிலம் அத்தை பேர்ல இருக்கு. கல்யாணமாகி வேற வீட்டுக்குப் போனவங்க பேர்ல அந்தக் காலத்துல தாத்தா எப்படி எழுதினார்னு கேட்க வீட்ல யாருக்கும் வாய் வரல.

பேரிகை ரோஸ்காரன்:

அம்மா, உங்க தாத்தா கம்பெனியில வேலை பார்த்த மனுஷன்னு அந்த ஒரு பக்கத்தைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. நாங்க எல்லாருமே அப்படித்தான் எழுதினோம்.

எஃப்.ஆர்.னா ஃபர்ஸ்ட் ரெட். ஜி.ஜி. கிராண்ட் காலா. ரெண்டும் சிவப்பு ரோஸ் ரகம்தான். தாஜ்மகால்ங்கற ரகம் வர்றதுக்கு முன்னாடி இந்தப் பக்கம் அதுங்க ஆட்சிதான். 60, 50, 40 எல்லாம் காம்போட நீளம், சென்டிமீட்டர்ல. பக்கத்துல இருக்கறது எத்தனை கட்டுன்னு. கட்டுக்கு 20 பூ. லோ.ன்னா லோக்கல்: காம்பு கோணினது, மொட்டு விரிஞ்சுபோனது. அது கூடையில கொட்டி மாலை கட்ட மார்க்கெட்டுக்குப் போயிடும்.

டவுனிங்கறது அடிச்சாம்பல் நோய். பனி மாசத்து வியாதி. இலையில கருஞ்சிவப்பா திட்டு விழும், அப்புறம் செடியை லேசா உலுக்கினா இலை பொலபொலன்னு கொட்டிடும். சாயங்காலம் பக்கவாட்டுப் படுதாவை இறக்கறோம், ராத்திரி உள்ள ஈரம் கட்டிக்குது. காலையில வெயில் ஏறும்போதே படுதாவைச் சுருட்டி ஈரத்தை வெளியே விடணும். 9 மணி வரைக்கும் மூடிக் கிடந்தா இலை மேல தண்ணி நிக்கும், நோய்க்கு அது போதும். ஆக, அன்னிக்கு உங்க அப்பா தூங்கிட்டார். அதைத்தான் உங்க தாத்தா நோட்டுல பதிஞ்சு வெச்சிருக்கார்.

இப்ப தேதி விஷயம். அதுக்கு முன்கதை கொஞ்சம் சொல்லணும்.

1988-ல புது விதைக் கொள்கை வந்து, வெளிநாட்டுச் செடி இறக்குமதி பண்ண வழி பிறந்துது. 91-க்கு அப்புறம் பெங்களூரைச் சுத்தியும், ஓசூர்ப் பக்கமும், அங்க புனே பக்கமும் பெரிய பெரிய பூ ஏற்றுமதிக் கம்பெனி முளைச்சுது. ஷெட் ஹாலந்துல இருந்து வரும், சொட்டுநீர்க் குழாய் இஸ்ரேல்ல இருந்து வரும், செடிக்கு ராயல்டி கட்டணும், எல்லாத்துக்கும் பேங்க் கடன். நான் 94-ல மருந்தடிக்கற கேங்குல சேர்ந்தேன். பெண்டிங், அதாவது ஒல்லிக் குச்சியை வெட்டாம வழிப்பக்கமா மடக்கி விட்டு செடிக்குச் சாப்பாடு செய்ய வைக்கிற வேலை, அதை அங்கதான் கத்துக்கிட்டோம். மொட்டு இறுக்கமா இருக்கும்போதே வெட்டறது, வெட்டின உடனே தண்ணி பக்கெட், அப்புறம் 2-லேர்ந்து 4 டிகிரி கோல்ட் ரூம், எல்லாம் அங்க படிச்ச பாடம். காலேஜ்ல கூட அவ்வளவு சொல்லித் தந்திருக்க மாட்டாங்க.

ஆனா கம்பெனி நிக்கல. நான் இருந்ததும் நிக்கல, பக்கத்துலயும் நிறைய நிக்கல. எங்க பூ மோசம்னு இல்ல. கென்யாவுல நைவாஷா ஏரிக்கரையில பூமத்தியரேகைக்குப் பக்கத்துலயே, கடல் மட்டத்துக்கு 1,900 மீட்டர் உயரத்துல ரோஸ் போட்டாங்க. வருஷம் பூரா ஒரே சீதோஷ்ணம். ராத்திரி ஏத்தினா காலையில ஆம்ஸ்டர்டாம். ஐரோப்பாவுல அவங்களுக்குச் சுங்கமும் கிடையாது, நமக்கு உண்டு. விமான வாடகையும் கடன் வட்டியும் சேர்ந்து எங்க முதலாளிகளைக் கவுத்துடுச்சு.

கம்பெனி மூடினதும் வேலை தெரிஞ்ச நாங்க நூறு பேர் ஊருக்கு ஊர் சிதறினோம். கால் ஏக்கர், அரை ஏக்கர்னு சொந்தமா போட்டோம். ஓசூர் ரோஸ்னு இன்னிக்குப் பேசறாங்களே, அதுல பெரும்பங்கு அந்த மூடின கம்பெனிகளோட கூலிக்காரங்க வளர்த்ததுன்னுதான் நான் சொல்வேன். பேப்பர்ல எழுதறவங்க காதலர் தினத்துக்கு மட்டும் வந்து போட்டோ எடுத்துட்டுப் போவாங்க.

பிப்ரவரி 14-க்கு வெளிநாட்டுக்குப் பூ வேணும்னா, ஜனவரி கடைசியிலயே வெட்ட ஆரம்பிக்கணும். கத்தரி வெச்சா குளிர்ல மறுபடி பூக்க ஏறக்குறைய 50 நாள். அப்ப டிசம்பர் நடுவுல கத்தரி. கம்பெனி எங்களுக்குப் பழக்கினது அதுதான், உங்க தாத்தாவும் முதல்ல அதையே செஞ்சிருக்கார். ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க. டிசம்பர் நடுவுல வெட்டினா தை பிறக்கும்போது ஷெட்ல வெறும் குச்சிதான் நிக்கும். மார்கழி பூரா காத்திருந்த கல்யாணமெல்லாம் தையிலதானே வருது? பூ விலை ஏறி நிக்கற நேரத்துல நம்ம பக்கெட் காலி. கார்த்திகை 12-ன்னா நவம்பர் கடைசி. அங்கேர்ந்து 50 நாள் எண்ணினா தை மூணு. முதல் முகூர்த்தத்துக்கே பூ கையில. அதை வெட்டி எடுத்தா அடுத்த சுத்து மாசியிலேர்ந்து பங்குனி ஆரம்பம் வரைக்கும் வரும், அங்கயும் முகூர்த்தம்.

உங்க தாத்தா பஞ்சாங்கத்துக்கு மாறல அம்மா. வாங்கறவங்களை மாத்தினார். லண்டன்காரனை விட்டுட்டுக் கல்யாண மண்டபத்துக்கு வந்துட்டார்.

தளி கிரீன்ஹவுஸ்:

ஐயா சொல்றதுல பாதிக்கு ஒத்துக்கறேன். ஏற்றுமதியே வேஸ்ட்டுங்கற மாதிரி படிக்கறவங்க எடுத்துக்கக் கூடாது. நாங்க அஞ்சு ஏக்கர். பிளாக் பிளாக்கா பிரிச்சு ஒண்ணுக்குக் கார்த்திகையில கத்தரி, ஒண்ணுக்கு டிசம்பர்ல கத்தரி. சிங்கப்பூர், மலேசியா, ஆஸ்திரேலியா பார்ட்டிங்க பிப்ரவரிக்கு இன்னும் வாங்கறாங்க, எங்க லோன் தவணை அந்தப் பணத்துலதான் போகுது. கால் ஏக்கர்காரர் பிரிக்க முடியாது, அவர் ஏதாவது ஒரு பக்கம்தான் சாய முடியும். அவர் சைசுக்கு அவர் செஞ்சது சரி. இப்பப் பிரச்சினை பிளாஸ்டிக் பூ. மண்டபத்துல பாதி மேடை பிளாஸ்டிக். கல்யாணத்தை நம்பினவங்களுக்குத்தான் அந்த அடி பலமா விழுது, அதையும் சொல்லணும்.

கோயம்பேட்டுப் பூக்கடை:

நான் வாங்கற பக்கம் இருக்கற ஆளு. 2000-க்கு அப்புறம்தான் சார் காம்பு ரோஸ் எங்களுக்குத் தினசரி சரக்கானது. அதுக்கு முன்னாடி மாலைக்கும் உதிரிக்கும்தான் ரோஸ். மேடை அலங்காரம்னு ஒரு தொழில் வந்துச்சு, அதோட காம்பு ரோஸ், ஜெர்பரா, கார்னேஷன் எல்லாம் ஏறிடுச்சு. ஓசூர்லேர்ந்து ராத்திரி பஸ் பார்சல்ல அட்டைப்பெட்டி வரும், விடியறதுக்குள்ள இறக்கிப் பிரிச்சுடுவோம். சிலர் பெட்டியில மேல 60 அடுக்கி அடியில 40 சொருகுவாங்க. எந்தத் தோட்டத்துக் கட்டைப் பிரிக்காமலே வாங்கலாம்னு எங்களுக்கு ஒரு லிஸ்ட் உண்டு, வாயால மட்டும்.

ஆடி வந்தா மட்டும் யாரும் போன் எடுக்க மாட்டோம். அது உங்க தாத்தா நோட்டுல கண்டிப்பா இருக்கும், பாருங்க.

தோட்டக்கலை ஓய்வு:

நிலம் குறித்த கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். 2005-06-இல் தேசியத் தோட்டக்கலை இயக்கம் தொடங்கியபின் பசுமைக்குடிலுக்கு மானியம் பரவலாகக் கிடைத்தது. பின்னாளைய விதிப்படி அனுமதிக்கப்பட்ட செலவில் பாதி, ஒரு பயனாளிக்கு அதிகபட்சம் 4,000 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கர் என்று இருந்தது. பயனாளி பெயரில் நில ஆவணம் இருக்க வேண்டியிருந்தது. அதனால் பல குடும்பங்களில் மகன் பெயரில் ஒன்று, மனைவி அல்லது மகள் பெயரில் ஒன்று என்று நிலம் முறைப்படி எழுதிக் கொடுக்கப்பட்டது. உங்கள் வீட்டிலும் அப்படி இருக்க வாய்ப்பு உண்டு. பத்திரம் பதிவான தேதியையும் ஷெட் போட்ட வருடத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும். எப்படி இருந்தாலும் பத்திரம் பத்திரம்தான். அது காகிதத்துக்கு மட்டும் அத்தையுடையது என்று யாராவது வீட்டில் பேசினால், முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

பாகலூர்ப்பேத்தி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அந்தப் பக்கத்தை அப்பாகிட்ட காட்டி "படுதா 9 மணி"னு படிச்சேன். ஒரு வார்த்தை பேசாம செருப்பை மாட்டிக்கிட்டு ஷெட்டுக்குப் போயிட்டார். சித்தப்பா இன்னும் சிரிச்சுக்கிட்டிருக்கார்.

பத்திரத் தேதி பார்த்தேன். ஓய்வு சார் சொன்னது சரி, ஷெட் போட்ட அதே வருஷம். அத்தைகிட்டயே நேரா கேட்டுட்டேன். "மானியத்துக்குத்தான் எழுதினார். ஆனா உங்க தாத்தா கையெழுத்துப் போட்டுட்டு என்கிட்ட சொன்னது, நீ கிரேடிங் பார்த்ததுக்குக் கூலி இன்னும் பாக்கி இருக்கு, இது அட்வான்ஸ்"னு சொன்னாங்க. கிரேடிங் மேசை விளிம்புல ஆணியால கீறின கோடு மூணு இருக்கு, 40, 50, 60. அத்தை அதைப் பார்த்து நான் ஒரு நாளும் கண்டதில்ல. காம்பைக் கையில எடுக்கும்போதே எந்தக் குவியல்னு தெரிஞ்சு போட்டுக்கிட்டே இருப்பாங்க. கோயம்பேட்டு அண்ணா சொன்ன லிஸ்ட்ல எங்க தோட்டம் இருந்தா, அது அவங்களாலதான்.

ஆடியும் இருக்கு. பக்கம் பக்கமா "லோ." மட்டும்தான்.

2020 பங்குனியில வேற மாதிரி. முகூர்த்தத்துக்குன்னு செடி பூரா பூ நிக்கறப்ப ஊரடங்கு வந்துடுச்சு. எழுதியிருக்கார்: "டி.எம். 60 – 41. குழி." மறுநாள் "டி.எம். 60 – 38. குழி." இப்படியே போகுது. டி.எம். தாஜ்மகால்னு இப்பத் தெரியுது. குழியில கொட்டற பூவை எதுக்கு நீளம் பார்த்துக் கட்டு எண்ணணும்?

இன்னொண்ணும் கண்ணுல பட்டுச்சு. கார்த்திகைக்கு மாறினதுக்கு அப்புறமும் ஒவ்வொரு வருஷமும் "கடைசி பே – டிச. 20" அப்படின்னு ஒரு வரி இருக்கு. பேன்னா (bay) ஷெட்டுக்குள்ள ஒரு பகுதி. அந்த ஒரு பகுதியை மட்டும் ஏன் டிசம்பருக்கு விட்டு வெச்சார்?

பேரிகை ரோஸ்காரன்:

பூ விக்கலைன்னாலும் வெட்டித்தான் ஆகணும் அம்மா. வெட்டாம விட்டா செடியிலேயே முத்தி உதிரும், உதிர்ந்த இதழ்ல பூசணம் பிடிக்கும், அடுத்த சுத்தும் வராது. அந்த வருஷம் நாங்க எல்லாருமே ஆள்கூலி குடுத்து வெட்டிக் குழியில போட்டோம். கட்டு எண்ணினது ஏன்னா, நஷ்டத்துக்கும் கணக்கு வேணும். எதிர்பார்த்த வரவுல எவ்வளவு போச்சுன்னு தெரிஞ்சாத்தான் அடுத்து எவ்வளவு கடன் வாங்கறதுன்னு முடிவு பண்ண முடியும். நானும் எண்ணினேன்.

கடைசி பே பெங்களூருக்கு. வெளிநாட்டுக்கு ஜனவரி கடைசியிலயே பூ கிளம்பணும், பெங்களூர்க் கடைக்கு பிப்ரவரி 12, 13-ம் தேதி வெட்டினா போதும். அதான் கத்தரியும் தள்ளிப் போகுது. காலேஜ் பசங்க ஒத்தை ரோஸுக்கு அன்னிக்கு ஒரு நாள் பேரம் பேச மாட்டாங்க. அந்தப் பகுதியில இப்ப என்ன செடி இருக்குன்னு அப்பாவைக் கேட்டுச் சொல்லுங்க. இன்னும் ஃபர்ஸ்ட் ரெட் ஏதாவது தப்பிச்சு நின்னா நாலு குச்சி எனக்கு வேணும், நானே வந்து எடுத்துக்கறேன்.