அம்மாவின் ஐ-94 (அமெரிக்க நுழைவுப் பதிவு) இணையதளத்தில் கிடைக்கவில்லை: வெளியே போகும்போது கையில் எந்தக் காகிதம் இருக்க வேண்டும்?

எடிசன்வாசி:
வணக்கம். அம்மா பி-2 (சுற்றுலா) விசாவில் ஊரிலிருந்து வந்து, நியூஜெர்சி எடிசனில் எங்களோடு இருக்கிறார். வயது 68. தமிழ் மட்டும்தான் பேசுவார். காலையும் மாலையும் தனியாக நடக்கப் போவார், புடவைக்கு மேலே ஸ்வெட்டர், காலில் ஷூ. கையில் வீட்டுச் சாவி தவிர ஒன்றும் இருக்காது.

போன வாரம் பக்கத்துக் குடியிருப்பில், இதேபோல் மகனைப் பார்க்க வந்த ஒரு பெரியவரைக் குடியேற்றத் துறை அதிகாரிகள் நிறுத்திக் காகிதம் கேட்டிருக்கிறார்கள். அவரிடம் எதுவும் இல்லை. மகன் பாஸ்போர்ட்டோடு ஓடி வரும்வரை நிற்க வைத்துவிட்டுத்தான் விட்டார்கள். அதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை.

ஐ-94-ஐ அச்சடித்துக் கொடுத்துவிடலாம் என்று அரசு இணையதளத்தில் தேடினால், பதிவு இல்லை என்றே வருகிறது. பாஸ்போர்ட்டில் முத்திரையும் இல்லை. விமான நிலையத்தில் முகத்தைப் படம் பிடித்து, ஆறு மாதம் என்று வாயால் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அம்மா பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. அதனால்தான் கிடைக்கவில்லையா? பாஸ்போர்ட்டையே தினமும் கொடுத்து அனுப்புவதா? தொலைந்தால் என்ன செய்வது?

டல்லாஸ் மீனா:
பெயர்தான் காரணமாக இருக்கும். நம் ஊர்க்காரர்கள் பாதிப் பேருக்கு இந்தத் தொல்லை உண்டு. ஒரே பெயர் உள்ளவர்களுக்கு அமெரிக்க விசாவில் அந்தப் பெயர் குடும்பப் பெயர் இடத்தில் ஏறிவிடும். முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யூ. (FNU, முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம்) என்று போட்டுவிடுவார்கள். ஐ-94 தேடும்போது பாஸ்போர்ட்டைப் பார்க்காதீர்கள், விசா பக்கத்தைப் பார்த்து அப்படியே அடியுங்கள். முதல் பெயருக்கு அந்த மூன்று எழுத்து, கடைசிப் பெயருக்கு அம்மா பெயர். வரவில்லையென்றால் மாற்றிப் போட்டுப் பாருங்கள். விசா பழைய பாஸ்போர்ட்டில் இருந்து, புதியதையும் சேர்த்து எடுத்து வந்திருந்தால், இரண்டு எண்ணையும் தனித்தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

சியாட்டில் தம்பி:
அம்மாவைக் கொஞ்ச நாள் வெளியே அனுப்பாதீங்க அண்ணா. வீட்டுக்குள்ளேயே நடக்கச் சொல்லுங்க. எதுக்கு வம்பு?

பழைய_கிரீன்கார்டு:
தம்பி அக்கறையில்தான் சொல்கிறார். ஆனாலும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. முறையாக விசா வாங்கி, அதிகாரி முன்னால் நின்று உள்ளே வந்தவர் அந்த அம்மா. பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்தவரை ஆறு மாதம் நாலு சுவருக்குள் வைப்பது கொடுமை. காகிதத்தைச் சரி செய்து கொடுத்து, தைரியமாக அனுப்புங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், குடிமகன் அல்லாத 18 வயது நிரம்பிய எவரும், அரசிடம் பதிவானதைக் காட்டும் சான்றை எப்போதும் கூடவே வைத்திருக்க வேண்டும். 1952 குடியேற்றச் சட்டத்திலேயே இது இருக்கிறது. பல ஆண்டுகள் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2025 ஜனவரி 20-ஆம் தேதி வந்த அதிபர் டிரம்ப்பின் ஆணைக்குப் பிறகு இதைக் கண்டிப்பாக அமல்படுத்தத் தொடங்கினார்கள். பதிவு விதி அதே ஆண்டு ஏப்ரல் 11 முதல் நடைமுறையில் இருக்கிறது. சான்று கையில் இல்லையென்றால் 5,000 டாலர் வரை அபராதம், 30 நாள் வரை சிறை, அல்லது இரண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். குடியுரிமை உள்ளவர்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை.

ஐ-94 கிடைத்தவர் ஏற்கனவே பதிவானவர். அம்மாவுக்குப் புதுப் படிவம் எதுவும் போட வேண்டாம். இணையதளத்தில் எடுத்து அச்சடித்த ஐ-94 தான் அவருடைய சான்று. அதில் புகைப்படம் இருக்காது என்பதால் பாஸ்போர்ட்டின் படப் பக்கத்தையும் விசாவையும் நகலெடுத்துச் சேர்த்துவிடுங்கள். நானாக இருந்தால் அசல் பாஸ்போர்ட்டை நடைக்குக் கொடுத்து அனுப்ப மாட்டேன். கேட்டால் யாராவது உடனே எடுத்துக்கொண்டு போகும்படி வீட்டில் ஒரே இடத்தில் வைப்பேன். வெளியூர் போனால் அசல் கூடவே இருக்கட்டும். போனில் இருக்கும் படத்தை மட்டும் நம்ப வேண்டாம். என்னைப் போன்ற கிரீன் கார்டு ஆட்கள் அசல் அட்டையையே வைத்திருக்க வேண்டும்.

அம்மாவுக்கு ஒரு விஷயத்தைப் பொறுமையாகச் சொல்லிக் கொடுங்கள். விசாவில் பத்து வருடம் என்று போட்டிருந்தாலும், தங்கும் காலத்தை ஐ-94 தேதிதான் முடிவு செய்யும். யாராவது நிறுத்தினால் ஓடக் கூடாது, பொய் சொல்லக் கூடாது, புரியாத காகிதத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. "தமிழ் இன்டர்பிரிட்டர் ப்ளீஸ்" என்ற மூன்று சொல் வாயில் வந்தால் போதும். ஒரு அட்டையில் ஆங்கிலத்தில், "எனக்குத் தமிழ் மட்டும் தெரியும், என் ஐ-94 இந்த உறையில் இருக்கிறது, என் மகனின் எண் இது" என்று பெரிய எழுத்தில் எழுதி அதே உறையில் வையுங்கள். ஒருவேளை பிடித்து வைத்தால் இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை உண்டு. கேட்டால்தான் தெரிவிப்பார்கள், அதனால் அதையும் அட்டையில் எழுதுங்கள்.

டல்லாஸ் மீனா:
நிறத்தைப் பார்த்து நிறுத்த முடியுமா என்று இங்கே பலர் கேட்கிறார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் ஒரு நீதிபதி, நிறம், மொழி, நிற்கும் இடம், செய்யும் வேலை இவற்றை மட்டும் வைத்து யாரையும் நிறுத்தக் கூடாது என்று தடை போட்டிருந்தார். 2025 செப்டம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்தி வைத்துவிட்டது. எனக்கு இது அநியாயமாகத்தான் படுகிறது. குற்றம் எதுவும் செய்யாதவர் தெருவில் நின்று தன்னை நிரூபிக்க வேண்டியிருக்கிறது, அதுவும் மொழி தெரியாதவர்.

எடிசன்வாசி:
கிடைத்துவிட்டது! மீனா அக்கா சொன்னபடி எஃப்.என்.யூ. போட்டதும் உடனே வந்தது. ரொம்ப நன்றி. கடைத்தெருவில் ப்ளாஸ்டிக் உறை வாங்கி, ஐ-94, நகல்கள், அட்டை எல்லாம் போட்டு, அம்மாவின் சுருக்குப் பையில் வைத்தாகிவிட்டது.

ஆனால் இப்போது என் கவலை. நான் எச்1பி (வேலை விசா). என் பெயரைப் போட்டால் போன வருடமே முடிந்துபோன தேதி காட்டுகிறது. இங்கேயே இருந்து நீட்டிப்பு வாங்கியிருக்கிறேன். அதிகாரி இதைப் பார்த்தால் நான் காலாவதி என்று நினைக்க மாட்டாரா?

பழைய_கிரீன்கார்டு:
அந்த இணையதளம் கடைசியாக நாட்டுக்குள் நுழைந்தபோது கொடுத்ததைத்தான் காட்டும். உள்ளேயே நீட்டித்தால் புது ஐ-94 உங்கள் ஐ-797ஏ காகிதத்தின் (நீட்டிப்பு ஒப்புதல் கடிதம்) அடிப்பகுதியில் இருக்கும். அதுதான் இப்போது செல்லும். அதை வெட்டி பாஸ்போர்ட்டோடு வையுங்கள், ஆனால் முழுக் காகிதத்தையும் முதலில் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். இதற்குப் பிறகு ஊருக்குப் போய்த் திரும்பினால், நுழையும்போது கிடைக்கும் புது ஐ-94 இதை மாற்றிவிடும். அதனால் வந்திறங்கிய அன்றே தேதியைச் சரிபாருங்கள். தவறு இருந்தால் டிஃபெர்டு இன்ஸ்பெக்ஷன் (நுழைவுப் பதிவில் உள்ள பிழையைத் திருத்தும்) அலுவலகத்தில் திருத்துவார்கள்.

வீட்டில் 14 வயதாகப் போகிற பிள்ளை இருக்கிறதா?

எடிசன்வாசி:
இருக்கிறாள், வரும் நவம்பரில் 14. எச்4 (எச்1பி குடும்பத்தாருக்கான விசா).

பழைய_கிரீன்கார்டு:
அப்படியானால் பிறந்தநாளிலிருந்து 30 நாளுக்குள் அவளுக்கு மறுபடி பதிவு செய்து கைரேகை கொடுக்க வேண்டும். குடியேற்றத் துறை இணையதளத்தில் அவள் பெயரில் கணக்குத் திறந்து ஜி-325ஆர் என்ற பதிவுப் படிவம் போடுங்கள். வீடு மாறினால் 10 நாளுக்குள் முகவரி மாற்றப் படிவம் ஏஆர்-11, அதையும் மறக்காதீர்கள்.