படுகளத்தில் எடுத்த முகம்

அனுமதி கேட்காமல் எடுக்கப்பட்ட படங்களால் பட்ட வேதனையைப் பலரும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான் படம் எடுத்தவன் தரப்பிலிருந்து எழுதுகிறேன். வேலூரில் இருபது ஆண்டுகளாகக் கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கிறேன். பிழைப்புக்காக அல்லாமல் ஆசைக்காக எடுத்தவை பாரதக் கூத்துப் படங்கள்தாம்.

ஆற்காட்டிலிருந்து திமிரி வழியாக ஆரணி போகும் பக்கத்து ஊர்களில் திரௌபதி அம்மனுக்குத் திருவிழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் பாரதப் போரின் முடிவை நடித்துக் காட்டும் படுகளமும் தீமிதியும். படுகளத்துக்காகத் துரியோதனனைக் களிமண்ணால் மிகப் பெரிய உருவமாகப் படுத்த வாக்கில் செய்திருப்பார்கள். பீமன் வேடக்காரர் அதன் தொடையில் அடித்து, திரௌபதி கூந்தலை முடியும் நேரத்தில், சுற்றி நிற்கும் பெண்களில் சிலருக்கு அருள் வந்துவிடும். 2018இல் அப்படி அருள் வந்த ஓர் அம்மாவின் முகத்தை மூன்றடி தூரத்தில் நின்று எடுத்தேன். அவிழ்ந்த தலைமுடி, நெற்றியிலிருந்து மூக்கு நுனிவரை வழிந்த மஞ்சள் தண்ணீர், எதன்மீதும் நிலைக்காத கண்கள். நான் எடுத்தவற்றிலேயே சிறந்த படம் அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். அதை மறைத்துவிட்டு இந்த விஷயத்தை நேர்மையாகப் பேச என்னால் முடியாது.

மறு ஆண்டு சென்னையில் ஒரு கண்காட்சியில் அந்தப் படம் நான்கடி உயரத்தில் தொங்கியது. கீழே ஒட்டிய சீட்டில் ‘பெயர் தெரியாத பெண்’ என்று நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். நான் கேட்கவில்லை, அதனால் தெரியவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை. 18,000 ரூபாய்க்கு அது விற்றது. பார்க்க வந்த யாரோ அதைச் செல்பேசியில் எடுத்துப் போட, வேறு யாரோ அதன்மேல் மாமியார் கோபத்தைப் பற்றி ஒரு வசனத்தை ஒட்ட, சில வாரங்களில் அது மீமாகி எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றியது. ஒருநாள் மாலை ஒரு பெண் தொலைபேசியில் அழைத்து, “அண்ணா, அந்தப் படத்துல இருக்கிறது எங்கம்மா” என்றார். அதற்கு மேல் அவருக்குப் பேச வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த ஊருக்குப் போனேன். திண்ணையில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அந்த அம்மா பீடி சுற்றிக்கொண்டிருந்தார். இலையைக் கத்தரித்து, தூளை வைத்துச் சுருட்டி, முனையை மடக்கி, நூலைக் கட்டும்வரை அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டு, படம் விற்ற பணம் முழுவதையும் முறத்தின் பக்கத்தில் வைத்தேன். அவர் அதைத் தொடாமலே கேட்டார்: “இது விலையா, அபராதமா நைனா? விலைன்னா நான் எதையும் விக்கல. அபராதம்னா ஊர்ல வச்சிக் குடு.”

ஸ்பெயினின் சாலமாங்காவில் 2000ஆம் ஆண்டு சாந்தியாகோ சியெரா என்ற கலைஞர், போதைக்கு அடிமையாகிப் பாலியல் தொழில் செய்துவந்த நான்கு பெண்களுக்கு ஒரு வேளை ஹெராயினுக்கான விலையைக் கொடுத்து, அவர்கள் முதுகுகளை இணைத்து 160 சென்டிமீட்டர் நீளக் கோடு ஒன்றைப் பச்சை குத்த வைத்தார். சுரண்டலைக் காட்டவே சுரண்டியதாக அவருக்காக வாதாடுவோர் உண்டு. அங்கே சம்மதமும் இருந்தது, கூலியும் இருந்தது. அப்படியும் கோடு அந்தப் பெண்களின் முதுகில்தான் நின்றது. திண்ணையில் கிடந்த ரூபாய்க் கட்டைப் பார்த்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

மீமைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. மகளுக்குத்தான் அதில் அழுகை. அவருடைய மனத்தாங்கல் வேறு. “சாமி வந்தப்ப நான் நானா இல்ல. நான் இல்லாத நேரத்துல என் மூஞ்சிய எடுத்துக்கினு போயிட்ட” என்றார். பிறகு, கண்காட்சியில் படத்தைச் செருப்புப் போட்டுக்கொண்டுதான் பார்ப்பார்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். படுகளத்துக்குள் யாரும் செருப்போடு நுழைவதில்லை என்பதும், அன்று நானும் வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் போனேன் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

அதே விழாவில் துச்சாதனன் வேடம் கட்டிய கூத்து வாத்தியாரைப் பிறகு சந்தித்தேன். துகிலுரியும் இரவில் அவர் சேலையைத் தொடுவதற்கு முன் ஆட்டத்தை நிறுத்தி, கற்பூரம் ஏற்றி, அம்மனிடம் மன்னிப்புக் கேட்டதைக் கூத்தாடும் களரியின் ஓரத்தில் நின்று நானே படம் எடுத்திருக்கிறேன். சேலை கட்டியிருப்பவர் ஓர் ஆண், இழுப்பது வேடத்துக்காக. இருந்தும் உத்தரவு கேட்கிறார்கள். “நீங்க யார்கிட்ட தம்பி உத்தரவு கேட்டீங்க?” என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி அந்தப் படம் என்னுடையது. அதே சட்டத்தின் 38ஆம் பிரிவு வாத்தியாருக்கு நிகழ்த்துநர் உரிமையை 50 ஆண்டுகளுக்குத் தருகிறது. அருள் வந்து நிற்பவரை நிகழ்த்துநர் என்று அழைக்க எனக்கு நா எழவில்லை. அவர் யாருக்காகவும் நிகழ்த்தவில்லையே. 1984இல் பாகிஸ்தானின் பெஷாவர் அருகே அகதி முகாமில் எடுக்கப்பட்ட பச்சைக் கண் ஆப்கான் சிறுமியின் படம் 1985இல் நேஷனல் ஜியாகிரஃபிக் அட்டையில் வந்து உலகமே அறிந்தது. ஷர்பத் குலா என்ற அவருடைய பெயர் 2002இல்தான் தெரிந்தது. தம் படத்தை அவர் முதன்முதலாகப் பார்த்ததும் அப்போதுதான். அந்த அட்டையைப் பார்த்துத்தான் நான் கேமராவைத் தொட்டேன். பதினேழு ஆண்டுகளாக அந்தப் பெயர் உலகத்துக்குத் தெரியாமல் இருந்தது ஏன் என்று ஒருமுறைகூட நான் யோசித்ததில்லை.

படத்தை வாங்கியவருக்கு, பணத்தைத் திருப்பித் தருகிறேன், படத்தைக் கொடுங்கள் என்று இரண்டு முறை எழுதிவிட்டேன். முறைப்படி வாங்கியது, தர முடியாது என்கிறார். மீமை அழிக்க வழியே இல்லை. மூலக் கோப்பு என் ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. அதை அழித்துவிடட்டுமா என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். “அதுல இருக்கிறது நான் மட்டுமா?” என்று திருப்பிக் கேட்டார். அழிக்கவும் முடியாமல், திறக்கவும் மனம் வராமல் வைத்திருக்கிறேன்.

இந்த ஆண்டுத் திருவிழாவுக்கு வரச் சொல்லியிருக்கிறார். கேமராவை எடுத்து வரலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அம்மனிடம் பூக்கட்டி உத்தரவு கேட்டுப் பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னார்.