பூட்டிக் கிடக்கிற பக்கத்து வீடும் நுளம்பும் (கொழும்பு, வெள்ளவத்தை)

கடலோரம்:
காலி வீதியிலிருந்து கடல்பக்கம் இறங்கிற ஒழுங்கை. பதினைந்து வீடுதான், எல்லாரும் முகம் தெரிஞ்ச ஆக்கள். ஒரு வீட்டார் வெளிநாட்டில்; வீடு ஒரு வருசமாப் பூட்டு. கூரைப் பீலி முழுக்க மாவிலைச் சருகு. சுற்றிவரச் சின்னப்பிள்ளைகள். முறைப்பாடு குடுத்து உறவைக் கெடுக்க விருப்பமில்லை, சும்மா விடவும் ஏலாது. எங்கே தொடங்கலாம்?

வாய்க்கால்:
அந்த வீட்டைச் சொல்ல முதல் எந்த நுளம்பெண்டு பாருங்கோ. காலையிலும் பின்னேரத்திலும் கடிச்சு, காலில் வெள்ளை வரி இருந்தால் டெங்கு பரப்புகிற ஈடிஸ். இரவு படுக்கையில் காதுக்குள் இரைகிறது பெரும்பாலும் கியூலெக்ஸ்; அது வாய்க்கால் ஊத்தைத் தண்ணியில் வளர்கிறது. பீலியைத் துப்புரவாக்கினாலும் அது குறையாது.

தண்ணியை வெள்ளைக் கோப்பையில் அள்ளி டோர்ச் அடியுங்கோ. குடம்பி (நுளம்பின்ர புழு) நெளிஞ்சு அடிக்கு ஓடும். போன் கமராவில் பெருப்பிச்சால் வால் பக்கத்து மூச்சுக்குழாய் தெரியும்: கட்டையும் தடிப்புமெண்டால் ஈடிஸ், நீளமும் மெலிவுமெண்டால் கியூலெக்ஸ்.

உங்கட வீட்டையும் அப்பிடியே பாருங்கோ. பிரிட்ஜின் பின்பக்கத் தட்டு, ஏசித் தண்ணி விழுகிற வாளி, மணிபிளான்ட் போத்தல், அலுமாரிக் காலுக்கு வைக்கிற எறும்புக் கிண்ணம். தண்ணியைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை தண்ணி மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும், காய்ஞ்சாலும் மாதக்கணக்கில் சாகாது. பிரஷ்ஷால் உரஞ்ச வேணும். முட்டை நுளம்பாக 7 முதல் 10 நாள். அதாலதான் கிழமைக்கு ஒருக்கா.

திறப்புக்கோர்வை:
திறப்பு ஆரிடம் இருக்கெண்டு முதலில் விசாரியுங்கோ. இப்பிடியான வீடுகளுக்குப் பெரும்பாலும் தெஹிவளையிலோ பம்பலப்பிட்டியிலோ ஒரு சொந்தக்காரர் இருப்பார். வீட்டுக்காரருக்கு எழுதேக்க குறைசொல்லாமல், பீலிப் படம் இரண்டு, கூலி எவ்வளவு, வேலை நடக்கேக்க ஆர் கூட நிற்பினம் எண்டதையும் சேர்த்து அனுப்புங்கோ. தூரத்தில் இருக்கிறவருக்கு "ஓம், செய்யுங்கோ" எண்டு சொல்ல அது போதும். வீட்டுக்குள் ஆள் போகேக்க அயலார் இரண்டு பேர் நிற்கிறது நல்லது.

ஒரு நாள் வேலை. பீலிச் சருகை அள்ளிப்போட்டு, தண்ணி இறங்கிற குழாய்க்கு எதிர் நுனியில் ஒரு வாளி தண்ணி ஊத்துங்கோ. நடுவில் தேங்கினால் பீலியைப் பிடிச்சிருக்கிற தாங்கி இறங்கியிருக்கு. கடற்காத்தில் இரும்புத் தாங்கி உக்கிப் போகும், பீலி வயிறு வைக்கும். சருகு அள்ளிறதால மட்டும் அது தீராது. துருப்பிடிக்காத தாங்கி போட்டு, 10 அடிக்கு ஓர் அங்குலம் சரிவு வையுங்கோ. பிறகு மொட்டைமாடித் தண்ணி போகிற ஓட்டை, அதைச் சருகும் காகம் போட்ட குப்பையும் அடைச்சிருக்கும். தண்ணி டாங்கி மூடியையும், வழிகிற குழாய் வாயில் வலையையும் பாருங்கோ.

எல்லாரும் மறக்கிறது கக்கூஸ். தண்ணி வால்வைப் பூட்டி, பிளஷ் டாங்கியை வெறுமையாக்குங்கோ. கொமட்டுக்குள் மிஞ்சிற தண்ணியை முழுக்க எடுக்க ஏலாது; வாயைத் தடிச்ச பொலித்தீனால் மூடிச் சுற்றிவர டேப் ஒட்டுங்கோ.

மழைமானி:
பதிலே வரவில்லையென்றால் மாநகர சபையின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டப்படி, வளவைச் சுத்தமாக வைப்பது வீட்டுச் சொந்தக்காரர் அல்லது குடியிருப்பவரின் பொறுப்பு. ஒரு வீட்டு இலக்கத்தை மட்டும் கொடுக்காமல், ஒழுங்கை முழுவதையும் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். அப்போது ஒருவரையும் சுட்டிக்காட்டியதாக இராது, உங்கள் வளவில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டையும் அகப்படும்.

புகை அடித்தால் தீரும் என்று காத்திருக்க வேண்டாம். பறக்கிற நுளம்புதான் சாகும், குடம்பி தண்ணீரில் அப்படியே இருக்கும்.

ஒழுங்கையில் யாருக்காவது டெங்கு என்று தெரிந்தால் அன்றே மற்ற வீடுகளுக்குச் சொல்ல வேண்டும், மறைப்பதில்தான் ஆபத்து. 2017 இல் மட்டும் நாட்டில் டெங்கு நோயாளராகப் பதிவானவர்கள் 186,101 பேர். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும். அஸ்பிரின், ஐபுப்ரோபன் இரத்தக் கசிவைக் கூட்டும். மூன்றாம் நாளுக்குள் இரத்தப் பரிசோதனை செய்து வைத்தியரிடம் காட்டுங்கள்.

வாய்க்கால்:
ஜூன், ஜூலையில் டெங்கு கூடும், ஒக்டோபருக்குப் பிறகு திரும்பவும். பீலி வேலையை ஏப்ரலுக்குள் முடியுங்கோ. மே மழை தொடங்கினால் ஈரக் கூரையில் ஏற ஆக்களும் வராயினம்.