சம்பளக் கணக்கை ராத்திரியில் ஆள் இல்லாமல் ஓடவிடலாமா?

தலவாக்கலைத் தம்பி:
தேயிலைத் தோட்ட ஆபிஸ் ஒன்றில் கணினி வேலை பார்க்கிறேன். லினக்ஸ் சேர்வரில் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ். எல்லா டிவிஷன் செக்ரோலும் (ஆள் வரவு, சம்பளப் பதிவேடு) கொழுந்து நிறுவையும் அதற்குள்தான். மாதக் கடைசியில் சம்பளக் கணக்கை ஓட்டினால் முக்கால் மணி நேரம் இழுக்கிறது. அதுவரை மற்ற கிளாக்கர்மாரின் திரை அசையாமல் நின்றுவிடும். ராத்திரி 2 மணிக்குத் தானாக ஓடும்படி க்ரோனில் போட்டுவிடலாம் என்கிறேன். பெரிய கிளாக்கர் ஐயா சம்மதிக்கவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

மஸ்கெலியாக்காரன்:
ஐயா சொல்வதுதான் சரி. பேக்கப், ரிப்போர்ட் எல்லாம் தானாக ஓடட்டும், யார் வேண்டாம் என்றது? சம்பளம் வேறு. நம்ம பக்கம் காற்று மழை என்றால் மரம் முறிந்து லைனில் விழும், கரண்ட் போகும், யூபிஎஸ் கொஞ்ச நேரம்தான் தாங்கும். மழை இல்லாத நாளுக்கும் உத்தரவாதம் இல்லை. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுக்கக் கரண்ட் போனதே! பாதிப் பேருக்கு ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) 8 வீதம் வெட்டி, மீதிப் பேருக்கு வெட்டாமல் நின்றால் காலையில் யார் பதில் சொல்வது?

பண்டாரவளை_டேட்டா:
அண்ணே, ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் மட்டும் கரண்ட் போகாதா? முழுக் கணக்கையும், எல்லாம் முடிந்தால் மட்டும் பதிவாகிற ஒரே டிரான்சாக்‌ஷனில் வைத்தால், நடுவில் சேர்வர் அணைந்தாலும் திரும்ப எழும்பும்போது போஸ்ட்கிரஸ் அரைகுறையாக எதையும் விட்டு வைக்காது. ஒவ்வொரு ஆளுக்கும் கமிட் போட்டு (அங்கங்கே நிரந்தரமாகப் பதிந்து) எழுதிய ஸ்கிரிப்ட் என்றால்தான் நீங்கள் பயப்படுகிற கதை நடக்கும்.

உண்மையில் ஆள் இருக்கும்போதுதான் ஆபத்து அதிகம். சேர்வருக்குள் லொகின் பண்ணி ஸ்கிரிப்டை ஓட்டுவார், பிறகு மடிக்கணினியை மூடிக்கொண்டு டீ குடிக்கப் போவார். இணைப்பு அறுந்து ஸ்கிரிப்ட் சாகும். ஆனால் டேட்டாபேஸ் பக்கம் அந்தக் குவெரி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், அது வரிகளில் போட்ட பூட்டும் அவிழாது. இவர் திரும்பி வந்து மறுபடி ஒன்றைத் தட்டுவார். அது முதல் பூட்டுக்காகக் காத்து நிற்கும். யாராவது பொறுமை இழந்து அந்த புரொசஸைக் கட்டாயமாகக் கொல்ல கில் மைனஸ் ஒன்பது அடித்தால் தீர்ந்தது: அந்த ஒரு புரொசஸ் மட்டும் போகாது, எல்லாருடைய இணைப்பையும் அறுத்துவிட்டு போஸ்ட்கிரஸ் ரெகவரிக்குப் போய்விடும். நிறுத்தத்தான் வேண்டும் என்றால் அதற்கு பிஜி கேன்சல் பேக்எண்ட் என்ற கட்டளை இருக்கிறது.

பழைய பிக்:
கண்டியில் இருந்துகொண்டு வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு யூனிவெர்ஸ் என்ற பிக் வகை டேட்டாபேஸில் நிறைய புரோகிராம் எழுதியிருக்கிறேன். அங்கே பின்னணியில் ஓடுவதற்கு ஃபான்டம் என்று பெயர், பேய் மாதிரி கண்ணில் படாமல் ஓடும் என்பதால் வைத்த பெயராக இருக்கலாம். பகலா ராத்திரியா என்பதை விடுங்கள், அந்த புரோகிராம் யாருக்காக எழுதப்பட்டது என்று பாருங்கள். நடுவில் 'தொடரவா, ஆம் / இல்லை' என்று கேட்கிற புரோகிராமை ஃபான்டமாக விட்டால் பதில் சொல்ல அங்கே யாருமில்லை. லொகின் பண்ணியதும் மெனு வருகிற பயனர் கணக்கு என்றால், ஃபான்டமும் அந்த மெனுவில் போய் முட்டும். டெர்மினல் பெயர் ஃபான்டம்தானா என்று முதலில் பார்த்து மெனுவைத் தாண்டிவிட வேண்டும். அது பேசுவதெல்லாம் ஒரு ஃபைலில் சேரும். அதைப் படிப்பவர்களை நான் அதிகம் கண்டதில்லை, துப்புரவு செய்பவர்களை இன்னும் குறைவு.

க்ரோனிலும் இதே சங்கடம் உண்டு, தம்பி. உங்கள் ஷெல்லில் இருக்கிற பாத் (கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியல்) அதற்குத் தெரியாது. கையால் ஓட்டினால் ஓடும், க்ரோனில் ஓடாது.

மஸ்கெலியாக்காரன்:
டிரான்சாக்‌ஷன் எல்லாம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உள்ளே போகிற கணக்கே தப்பாக இருந்தால்? மேல் டிவிஷன் நிறுவைப் புத்தகம் அன்று ஆபிஸுக்கு வந்து சேரவில்லை என்று வையுங்கள். புரோகிராம் பார்க்கும்போது அந்த நாளுக்குக் கொழுந்து பூச்சியம். நிர்ணயித்த கிலோ பறிக்கவில்லை என்று எல்லாருக்கும் அரைப்பேர் (பேர் என்பது ஒரு நாள் வேலைக் கணக்கு) போட்டுவிடும். பிழைச் செய்தி வராது, லொக் ஃபைலில் 'வெற்றிகரமாக முடிந்தது' என்றுதான் இருக்கும். மழையில் நனைந்து முழு நாள் கொழுந்து எடுத்தவர் கையில் அரை நாள் சம்பளம்! கிளாக்கர் ஐயா பக்கத்தில் இருந்தால், ஒரு டிவிஷன் முழுக்க அரைப்பேர் விழுந்ததைப் பார்த்ததுமே பிடித்துவிடுவார்.

பண்டாரவளை_டேட்டா:
இது நல்ல கேள்வி. ஆனால் முக்கால் மணி நேரம் வெறும் கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பவர் கண்ணில் அது படுமா என்ன? அந்தக் கண்ணைப் புரோகிராமுக்குள் வையுங்கள். எல்லா டிவிஷனும் மாதத்தை மூடியதாகக் குறித்தால் மட்டும் தொடங்கட்டும். பேர் விழுந்த நாளில் ஒரு டிவிஷனின் மொத்தக் கொழுந்து பூச்சியம் என்றால் பிழைக் குறியோடு நிற்கட்டும்.

இன்னொன்று, தம்பியின் திரை உறைவதற்குக் காரணம் வாசிப்பு அல்ல. போஸ்ட்கிரஸில் வாசிப்பவர் எழுதுபவரை மறிக்க மாட்டார். கிளாக்கர்மார் தொடுகிற அதே வரிகளை உங்கள் ஸ்கிரிப்ட் அப்டேட் பண்ணிப் பிடித்து வைத்திருக்கும். கணக்கைத் தனி அட்டவணையில் புதிதாக எழுதினால் பகலிலேயே ஓட்டலாம்.

தலவாக்கலைத் தம்பி:
ஆமாம், முற்பணம் கழிக்கும் இடத்தில் அப்டேட்தான் இருக்கிறது. அப்புறம், கரண்ட் இல்லாத ராத்திரியில் க்ரோன் தவறினால்? க்ரோனுக்குப் பதிலான சிஸ்டம்டி டைமரில், தவறவிட்ட ஓட்டத்தைப் பிடிக்க பெர்சிஸ்டன்ட் என்று ஒன்று இருக்கிறதே.

மஸ்கெலியாக்காரன்:
அதைப் போடுங்கள், காலை 9 மணிக்கு சேர்வரை ஏற்றியதும் எல்லாரும் வேலை செய்கிற நேரத்தில் கிளம்பும்! தனி அட்டவணைக்கு நான் சரி. ராத்திரி வரைவுக் கணக்கு மட்டும் ஓடட்டும். காலையில் டிவிஷன் வாரியாகப் பார்த்து, உறுதி செய்கிற பொத்தானை ஐயா அமுக்கட்டும்.

பண்டாரவளை_டேட்டா:
பொத்தான் அமுக்குபவர் லீவு போட்டால் அன்றைக்குச் சம்பளம் இல்லையா? இரண்டு பேருக்காவது அந்த உரிமை இருக்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு ஓட்டம் தொடங்காமல் இருக்க அட்வைஸரி லொக் (புரோகிராமே கேட்டுப் போடுகிற பூட்டு) ஒன்று, ஒரே ஆளுக்கு ஒரே மாதம் இரண்டு முறை பதியாமல் இருக்க மாதமும் ஆள் இலக்கமும் சேர்ந்த யுனீக் கட்டுப்பாடு ஒன்று. இவை இருந்தால் எனக்குப் பொத்தானே தேவையில்லை.

மஸ்கெலியாக்காரன்:
எனக்குத் தேவை.

பழைய பிக்:
தம்பி, அந்த சேர்வரின் நேரம் யூடிசியிலா (உலகப் பொது நேரம்) இருக்கிறது, பார்த்தீர்களா? அப்படியென்றால் க்ரோனின் 2 மணி நமக்குக் காலை 7.30. பெரட்டு (காலையில் ஆள் கூட்டி வேலை பிரிப்பது) முடிந்து கிளாக்கர்மார் பேர் பதியத் தொடங்குகிற நேரம்.