‘தீராத் தேவை’யா, ‘நிறைவேறாத் தேவை’யா?

வெள்ளவத்தை:
வணக்கம். மருத்துவ மாதுக்களின் பயிற்சிக் கைநூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் நிற்கிறோம். ஒரு பெண் பிள்ளை இனி வேண்டாம், அல்லது இரண்டு வருடமாவது போகட்டும் என்கிறாள், கருத்தரிக்கக் கூடியவள், எந்தக் கருத்தடை முறையும் பாவிக்கவில்லை. 15 முதல் 49 வயதுக்குள் இப்படிப்பட்டவர்களின் வீதத்துக்கு ‘பூர்த்தி செய்யப்படாத தேவை’ (unmet need) என்பது நீளம். ‘தீராத் தேவை’ போதுமா?

கொட்டாஞ்சேனை:
ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வலி மிகும், இலக்கணம் சரி. ஆனால் தீராத நோய், தீராத பகை என்று கேட்டுப் பழகிய காதுக்கு இது தீரவே தீராதது என்று படும். ‘நிறைவேறாத் தேவை’ நல்லது. கைநூலில் அந்தப் பகுதியின் தலைப்பில் உள்ள ‘தம்பதியர்’ வடசொல். ‘தம்’ வீடு, ‘பதி’ தலைவன். ‘இணையர்’ ஆக்குங்கள்.

தெஹிவளை:
ஐயா, தலைப்பில் ‘தம்பதியர்’, ‘இணையர்’ இரண்டுமே வேண்டாம். கணக்கு பெண்ணின் பதிலை வைத்துத்தான். கணவருக்கு இன்னொரு பிள்ளை ஆசையா என்பது அதில் சேராது. ‘தம்பதியர்’ என்றால் இருவரையும் கேட்டதாகிவிடும்.

வரைவிலக்கணத்தை முழுதாகப் போடுங்கள், பிழை அங்கேதான் வரும். கர்ப்பிணியிடம் அடுத்த பிள்ளையைப் பற்றிக் கேட்டு வகைப்படுத்தக் கூடாது. இந்தக் கர்ப்பம் அப்போதே விரும்பியதா, பிந்தி விரும்பியதா, விரும்பவே இல்லையா என்பதே அளவுகோல். பிள்ளை பெற்று இரண்டு வருடத்துக்குள், மாதவிடாய் திரும்பாதவளுக்கும் அப்படியே, கடைசிப் பிறப்பை வைத்து. மாதவிடாய் இன்னும் திரும்பாத எட்டு மாதக் குழந்தைக்காரி “இனி வேண்டவே வேண்டாம்” என்றாலும், அந்தக் குழந்தை விரும்பிய நேரத்தில் பிறந்ததென்றால் அவள் இந்த வீதத்துக்குள் வரமாட்டாள். இந்த வீதத்தைக் கணிக்க 2012இல் திருத்திய முறையிலும் அதுதான்.

பம்பலப்பிட்டி:
அப்படியானால் ‘தேவை’யே பிழை. அவள் எதையும் கேட்கவில்லை, நாம் கணித்துச் சொல்கிறோம். குறளில் ‘வேண்டுதல் வேண்டாமை’ என்று இணையாகவே வருகிறது. பிள்ளை வேண்டாமை, காப்பும் இல்லாமை: ‘காப்பில் வேண்டாமை’.

தெஹிவளை:
இடைவெளி விடுகிறவள் வேண்டாம் என்று சொல்லவில்லையே, இப்போது வேண்டாம் என்கிறாள். உங்கள் சொல்லில் பாதிப் பேர் விடுபட்டுப் போவார்கள். ‘நிறைவேறா’வுக்கு ‘நிறைவேறிய’ என்ற சோடியும் உண்டு. இரண்டையும் கூட்டினால் மொத்தத் தேவை. ஒன்று கவனியுங்கள்: நாள் கணக்குப் பார்த்துக் கருத்தரிப்பைத் தவிர்ப்பவளும் முறை பாவிப்பவள்தான், நிறைவேறாத் தேவைக்குள் வரமாட்டாள். ஐ.நா.வின் நிலைபேறான அபிவிருத்தி இலக்கின் 3.7.1 குறிகாட்டியோ மாத்திரை போன்ற நவீன முறையை மட்டும் எண்ணும். அதற்கு ‘நவீன முறையால் நிறைவேறிய தேவை’ என்று தனியாக எழுதுங்கள்.

வெள்ளவத்தை:
மூவர் ‘நிறைவேறாத் தேவை’ பக்கம். அதையே கொடுக்கிறேன். தலைப்பில் ‘பெண்கள்’.

பம்பலப்பிட்டி:
கொடுங்கள். ஆனால் ‘நிறைவேறாத்’ என்றதும் கிளினிக்கில் மாத்திரை தட்டுப்பாடு என்றே வாசிப்பவர் நினைப்பார். ஏன் பாவிக்கவில்லை என்று கேட்ட இடங்களில் பக்கவிளைவுப் பயமும், உறவு அரிது என்பதும்தான் கூடுதலாக வந்திருக்கின்றன. என் மறுப்பைத் திரும்பப் பெறவில்லை.