பழைய அரபுப் பாட்டுப்படங்கள்: பாட்டை வெட்டிப் போடலாமா?

கரிசல்காரன்:
மிச்சிகனில் டியர்பார்ன் பக்கம் இருக்கிறேன். லெபனான், ஈராக், ஏமன் குடும்பங்கள் நிறைந்த ஊர். இங்கே பழைய அரபுப் படங்கள் போடும் ஒரு சின்னக் குழுவுக்கு புரொஜெக்டர், ஸ்பீக்கர் வேலைகளில் கைகொடுப்பேன். அடுத்த படம் ‘கஸல் அல்-பனாத்’, 1949இல் வந்த எகிப்தியப் பாட்டுப்படம். பாட்டுகளைப் பாதியாகக் குறைத்துப் போடலாம் என்று குழுவில் ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. பாட்டு தொடங்கியதும் பேரப்பிள்ளைகள் போனை எடுத்துவிடுகிறார்களாம். எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. பாட்டுக்காகத்தானே கூட்டமே வருகிறது? நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

மயிலைக்குருவி:
வெட்டுங்கள் என்றுதான் சொல்வேன். பாட்டிக்கு அந்தப் பாட்டெல்லாம் யூடியூபில் கிடைக்கிறது. நீங்கள் மெனக்கெட்டு ஹால் பிடிப்பது பேத்திக்காக. அவளுக்கு அரபி பாதி புரியாது. இதில் ஆறு நிமிஷம் ஒருவர் நின்றுகொண்டு பாடினால் எழுந்து போகத்தான் செய்வாள். நாம் மட்டும் என்ன யோக்கியமா? பாகவதர் படம் ஒன்றைப் பாட்டைத் தள்ளிவிடாமல் கடைசியாக எப்போது பார்த்தீர்கள், உண்மையைச் சொல்லுங்கள்.

கரிசல்காரன்:
அது சரி, ஆனால் இந்தப் படத்தின் முடிவு பாட்டுக்குள் இருக்கிறதே! நஜீப் அல்-ரிஹானி ஏழை அரபி வாத்தியார். பாஷாவின், அதாவது பெரிய பணக்காரப் பிரபுவின், மகள் லைலா முராதுக்குப் பாடம் சொல்லப்போய் மனதைப் பறிகொடுத்துவிடுகிறார். கடைசியில் நடிகர் யூசுஃப் வஹ்பி வீட்டில் பாடகர் அப்துல் வஹாப் வாத்தியக் குழுவோடு ‘ஆஷிக் அல்-ரூஹ்’ பாடுகிறார். பலனே கேட்காமல் நேசிப்பதைப் பற்றிய பாட்டு. கேமரா ரிஹானி முகத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறது. கண் கலங்குகிறது, மனுஷன் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பெண்ணை விட்டுக்கொடுக்க அவர் முடிவெடுப்பது அங்கேதான். பாட்டை எடுத்துவிட்டால் கிழவர் ஏன் ஒதுங்கினார் என்பதே புரியாது. படம் வெளிவருவதற்கு முன்பே ரிஹானி காலமாகிவிட்டார் என்பதும் சேர்ந்துகொள்கிறது. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அந்த இடத்தில் மூச்சு விடுவதில்லை.

மயிலைக்குருவி:
ஒரு பாட்டைக் காட்டி எல்லாவற்றையும் காப்பாற்றப் பார்க்கிறீர்கள். லைலா குதிரை மேல் வந்து பாடுகிறாரே, அதிலும் கதை நகர்கிறதா?

கரிசல்காரன்:
இல்லை, நகரவில்லை. ஆனால் ஹால் முழுக்கக் கைதட்டிக் கூடப் பாடுவது அந்தப் பாட்டுக்குத்தான்.

ஓடம்:
இருவரும் தப்பான படத்தை வைத்துச் சண்டை போடுகிறீர்கள். நான் மான்ட்ரியல். இங்கே லெபனான்காரர்கள் அதிகம். சமூகத் திரையிடல் என்றாலே ஏன் எப்போதும் கெய்ரோ பாஷா வீடு, பளிங்குப் படிக்கட்டு, மாலையில் பார்ட்டி? அந்தக் காலத்து எகிப்தியப் படங்களில் நூபியர்கள், அதாவது தெற்கு எகிப்தின் கறுப்பின மக்கள், பெரும்பாலும் வேலைக்காரர்களாக, சிரிப்புக்கு ஆளாகத்தான் வருவார்கள். முகத்தில் கரி பூசிக்கொண்டு நூபியராக நடித்தே பேர் வாங்கினார் அலீ அல்-கஸ்ஸார். குழந்தைகளை உட்கார வைத்து அதையும் ‘நம் பொற்காலம்’ என்று காட்டுவதா?

லெபனான் பாடகி ஃபைரூஸின் ‘பின்த் அல்-ஹாரிஸ்’ போடுங்கள். 1968, இயக்கம் பரகாத். ஊரில் திருட்டே நடப்பதில்லை என்று காவல்காரரை வேலையைவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். அவர் மகள் ராத்திரியில் திருடன் வேஷம் போட்டு ஊரையே கிலி பிடிக்க வைக்கிறாள், அப்பாவுக்கு வேலை திரும்பக் கிடைக்க வேண்டும் என்று. எட்டு வயதுப் பிள்ளைக்கும் புரியும். பாட்டை வெட்டும் பேச்சே எழாது.

மயிலைக்குருவி:
இது நல்ல யோசனை. ஆனால் ஃபைரூஸ் நடித்தவை மொத்தம் மூன்றே படங்கள்தான். நாலாவது மாதம் என்ன போடுவீர்கள்? சுற்றிச் சுற்றிக் கெய்ரோவுக்குத்தானே வரவேண்டும். ஃபரீத் அல்-அத்ரஷும் அஸ்மஹானும் சிரியாவின் துரூஸ் என்ற சிறுபான்மை மதப் பிரிவுக் குடும்பம், சபாஹ் லெபனான்காரர். எல்லோரும் பாடி நடித்துப் பெயர் எடுத்தது அங்கேதான்.

தகரப்பெட்டி:
கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன். ஆல்பர்ட் ரஷீத் என்பவர் 1930களிலேயே உங்கள் டியர்பார்னுக்குப் பக்கத்து டெட்ராய்ட்டில் அப்துல் வஹாபின் ‘வெள்ளை ரோஜா’ படத்தை வரவழைத்துக் காட்டினார். பார்த்தவர்கள் அந்தப் பாட்டு தட்டாகக் கிடைக்குமா என்று கேட்டார்கள். அப்படித்தான் அவர் இசைத்தட்டு வியாபாரத்துக்குள் வந்தார். பிற்பாடு புரூக்ளினுக்குப் போய் அதையே பெரிதாகச் செய்தார். பாட்டுக்காகத்தான் கூட்டம் வருகிறது என்று கரிசல்காரன் சொல்வது அந்தப் பக்கத்திலேயே நிரூபணமான விஷயம்.

இன்னொன்று. மேடைக் கச்சேரியில் எகிப்தியப் பாடகி உம் குல்தூம் ஒரே பாட்டை ஒரு மணி நேரம் இழுப்பார். அவர் படங்களிலோ பாட்டு சில நிமிஷத்தில் முடிந்துவிடும். சினிமாவுக்காக ஏற்கெனவே சுருக்கியதை இன்னொரு தடவை சுருக்குவானேன்?

ஆனால் நீங்கள் யாரும் கேட்காத கேள்வி, பிரதி எங்கிருந்து வருகிறது? பழைய எகிப்தியப் படங்களில் ஏகப்பட்டவை ரொட்டானா, ஏஆர்டி என்ற சவுதி நிறுவனங்களின் கையில். டிவியிலிருந்து பதிவு செய்ததைப் போட்டால் மூலையில் சேனல் முத்திரை உட்கார்ந்திருக்கும். போதாததற்கு சேனல்காரனே பாட்டில் கைவைத்திருப்பான். நீங்கள் வெட்டுவதற்கு முன்னால் அதைச் சரிபாருங்கள்.

ஓடம்:
கெய்ரோ படம்தான் என்றால் முன்னால் யாராவது பேசட்டும். லைலா முராத் யூதக் குடும்பத்தில் பிறந்தவர், பிறகு முஸ்லிமானார். 1952இல் இஸ்ரேலுக்குப் பணம் கொடுத்தார் என்று வதந்தி கிளப்பினார்கள். விசாரணையில் பொய் என்று தெரிந்தது. சில வருஷங்களில் சினிமாவை விட்டே போய்விட்டார். இதைச் சொல்லாமல் அந்தக் குதிரைப் பாட்டுக்குக் கைதட்டுவது எனக்கு உறுத்தும்.

மயிலைக்குருவி:
பாட்டே நீளம் என்கிறேன், இதில் சொற்பொழிவு வேறா? சீட்டில் அச்சடித்துக் கையில் கொடுங்கள்.

கரிசல்காரன்:
சீட்டு சரி. பாட்டுக்கும் சேர்த்து ஆங்கில வசனவரி போடச் சொல்லப் போகிறேன். இதுவரை பேச்சுக்கு மட்டும் போட்டுவிட்டு, பாட்டு வந்ததும் திரையை வெறுமனே விட்டிருந்தார்கள். பேத்தி போனை எடுக்காமல் என்ன செய்வாள்? பிரதியை நாளைக்கே ஓட்டிப் பார்க்கிறேன், தகரப்பெட்டி.

மயிலைக்குருவி:
வசனவரி போட்டும் எழுந்து போனால் அடுத்த படத்துக்குக் கத்தரி என் கையில். ஒப்புக்கொள்கிறீர்களா?

கரிசல்காரன்:
மாட்டேன்.